பிரபலங்களின் மரணத்தை முன்கூறல்: கூடலூர் கிழார் முதல் சிவகாசி நாள்காட்டி வரை

புகழ்பெற்ற ஒருவரின் இறப்பை முன்கூட்டியே கணித்ததற்குத் தமிழில் உள்ள பழைய சான்று புறநானூற்றின் 229ஆம் பாடல். பங்குனி மாதத்து இரவொன்றில் விண்மீன் ஒன்று எரிந்து விழுவதைப் புலவர் கூடலூர் கிழார் காண்கிறார். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு அது தீங்காகுமோ என்று அஞ்சுகிறார். ஏழாம் நாள் அரசன் இறந்துபடுகிறான். எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது என்று பாடல் வானத்தை நுணுக்கமாகக் குறித்திருப்பதால், சங்க கால வானியலறிவை ஆராய்வோர் அதைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டிருக்கிறார்கள். அரசனுக்கு நோய் வராமல் இருக்க வேண்டுமே என்ற ஏக்கம் பாடலில் நிற்கிறது. கணித்தவர் தம் கணிப்பு பொய்க்க வேண்டும் என்றே விரும்பினார்.

இதற்கு நேர் எதிரானது, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவிய இறப்பு ஊக விளையாட்டு. ஆண்டு பிறக்கும்போது ஆடுவோர் ஒவ்வொருவரும் அவ்வாண்டில் இறக்கக்கூடிய பிரபலங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பார்கள். அதில் இறந்தவரின் வயதை நூறிலிருந்து கழித்து வருவதை மதிப்பெண்ணாகக் கொள்வது பரவலான முறை. 90 வயதுக்காரருக்குப் பத்து, 30 வயதுக்காரருக்கு எழுபது. 1988இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த ஒரு படம் இதையே கதைக்கருவாகக் கொண்டது. அச்சத்தில் தொடங்கிய ஒன்று எப்படிப் பொழுதுபோக்கானது, தமிழகத்தில் ஏன் அப்படி ஆகவில்லை என்பதே இங்கு ஆராயப்படுவது.

ஆட்சியாளரின் ஆயுளைக் கணிப்பது ஆட்சியின் ஆயுளைக் கணிப்பதாகவே எங்கும் கொள்ளப்பட்டது. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 11இல் சோதிடர்கள் எவருடைய மரணத்தைப் பற்றியும் பலன் சொல்லக் கூடாது என்று ஆணையிட்டார். 1591இல் போப் பதினான்காம் கிரகோரி, போப்பாண்டவர் தேர்தல் மீதும், ஒரு போப்பின் ஆட்சிக் காலம் எவ்வளவு நீளும் என்பதன் மீதும் பந்தயம் கட்டுவோரைத் திருச்சபையிலிருந்தே விலக்கப்போவதாக எச்சரித்தார். ரோம் நகர வணிகர்களிடையே அந்தப் பந்தயம் அவ்வளவு வேரூன்றியிருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் இது ஆயுள் காப்பீட்டின் வடிவம் எடுத்தது. எந்த உறவும் இல்லாத ஒரு பெரிய மனிதரின் பெயரில் யார் வேண்டுமானாலும் பாலிசி எடுக்கலாம். அவர் இறந்தால் எடுத்தவருக்குப் பணம். 1743இல் போர்க்களம் சென்ற இரண்டாம் ஜார்ஜ் மன்னர் உயிரோடு திரும்புவாரா என்பதன் மீதுகூடப் பணம் கட்டப்பட்டது. 1774இல் நாடாளுமன்றம் இதற்கு முடிவுகட்டியது. ஒருவரின் உயிர்மீது காப்பீடு எடுப்பவருக்கு அவர் உயிரோடிருப்பதில் உண்மையான நலன் இருக்க வேண்டும் என்ற விதி அப்போது பிறந்தது. இந்தியாவில் 1848ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை ஆக்கியது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அதையே உறுதிசெய்தது. அந்தப் பிரிவின்கீழ், நலன் இல்லாத ஆயுள் காப்பீடும் பந்தயமே என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1898இல் தீர்ப்பளித்தது. இன்று விருதுநகரில் ஒருவர் எடுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் அந்த விதிதான் அடிப்படை.

பந்தயம் சட்டத்தோடு மோதியது. நகைச்சுவையோ பஞ்சாங்கத்தின் வழியாக உள்ளே வந்தது. 1708இல் ஜோனதன் ஸ்விஃப்ட், ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்ற புனைபெயரில், பஞ்சாங்கக்காரர் ஜான் பார்ட்ரிட்ஜ் அவ்வாண்டு மார்ச் 29ஆம் தேதி இரவு பதினொரு மணியளவில் காய்ச்சலில் இறப்பார் என்று எழுதினார். நாள் கடந்ததும் கணிப்பு பலித்துவிட்டதாக இன்னொரு பிரசுரம் வந்தது. தாம் சாகவில்லை என்று மெய்ப்பிக்கப் பார்ட்ரிட்ஜ் தம் பஞ்சாங்கத்திலேயே அறிவிக்க வேண்டியிருந்தது. அதே உத்தியைப் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் போட்டிப் பஞ்சாங்கக்காரர் டைட்டன் லீட்ஸ்மீது பயன்படுத்தி, அவர் 1733 அக்டோபர் 17இல் இறப்பார் என்று அச்சிட்டார். லீட்ஸ் உண்மையில் இறந்தது 1738இல். இருவரின் கேலியும் சோதிடரின் அதிகாரத்தைக் குறிவைத்தது. பிறர் மரணத்தைச் சொல்லிப் பிழைப்பவருக்கு அவர் மரணத்தையே சொல்லிக் காட்டியது அது. பிற்கால விளையாட்டில் இந்த நோக்கம் உதிர்ந்து எண்ணிக்கை மட்டும் எஞ்சியது.

தமிழகத்திலும் பஞ்சாங்கமே இந்த ஊகத்தின் இருப்பிடம், ஆனால் அங்கே அது கேலியாக மாறவில்லை. சித்திரை முதல் நாளில் கோயில்களில் நடக்கும் பஞ்சாங்கப் படனத்தில் அவ்வாண்டின் ராஜா, மந்திரி, சேனாதிபதி, மேகாதிபதி எந்தெந்தக் கிரகங்கள் என்பது வாசிக்கப்படுகிறது. அறுபது ஆண்டுகளுக்கும் இடைக்காடர் பெயரில் வழங்கும் வெண்பாக்கள் மழையையும் விளைச்சலையும் மன்னர் நிலையையும் சொல்கின்றன. அச்சுப் பஞ்சாங்கங்களும் புத்தாண்டுப் பலன்களும் இந்த மரபைத் தொடர்ந்து, நாடாள்வோருக்குக் கண்டம், முக்கியப் புள்ளி ஒருவர் மறைவு என்பன போன்ற பலன்களைச் சேர்த்துக்கொள்கின்றன. இவற்றில் பெயர் இருப்பதில்லை. தலைவரோ நடிகரோ இறக்காத ஆண்டு எதுவும் இல்லை என்பதால் பலன் ஒருபோதும் பொய்ப்பதில்லை. பெயர் சொல்லும் பொறுப்பு வாசகரிடம் விடப்படுகிறது. சோதிட நூல்கள் மாரகம் பற்றி விரிவாகப் பேசினாலும், ஆயுளை எதிரில் சொல்லக் கூடாது என்பது சோதிடர்களிடையே நிலவும் ஒழுக்கம். பெயரற்ற பலன் அந்த ஒழுக்கத்தோடு ஒத்துப்போகிறது.

இந்தப் பலன்களை வீட்டுச் சுவர் வரை கொண்டுபோனது சிவகாசி. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அடுத்த ஆண்டே ஊரில் அதைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கும் பின்னர் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகங்கள் வந்தன. அந்த அச்சகங்களே பிறகு லாட்டரிச் சீட்டுகளையும் நாள்காட்டிகளையும் அடித்தன. தமிழக அரசு 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடைசெய்தது. நாள்காட்டி நிலைத்தது. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கு அன்று பூசை போட்டு, மறு ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசித் தொழில் வழக்கம். தினசரித் தாளில் இராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம், ராசி பலன் ஆகியவற்றோடு தலைவர்களின் பிறந்த நாளும் நினைவு நாளும் அச்சாகின்றன. 1903 ஜூலை 15இல் விருதுபட்டியில் பிறந்த காமராசர் 1975 அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்த நாளிலேயே, மறைந்தார். காந்தி பிறப்பும் காமராசர் மறைவும் ஒரே நாள் தாளுக்கு உரியவை. பஞ்சாங்கம் வரப்போகும் மரணத்தைப் பெயரில்லாமல் சொல்கிறது. நாள்காட்டி நடந்து முடிந்த மரணத்தைப் பெயரோடு பதிக்கிறது. இடையிலுள்ள வெளி வதந்திக்குரியது.

தமிழக அரசியலில் அந்த வெளி மிகப் பெரிது. 1967 ஜனவரி 12இல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், கழுத்தில் கட்டோடு அவர் இருந்த படம் தேர்தல் சுவரொட்டியானது. அதே தேர்தலில்தான் விருதுநகரில் காமராசர் பெ. சீனிவாசனிடம் தோற்றார். 1977இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டையில் வென்று முதல்வரான எம்.ஜி.ஆர்., 1984 அக்டோபரில் நோயுற்று நியூயார்க்குக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே டிசம்பர்த் தேர்தலின் கேள்வியானது. மருத்துவமனையில் எடுத்த காட்சிகள் ஊர் ஊராகத் திரையிடப்பட்டன. பிரசாரத்துக்கே வராமல் ஆண்டிப்பட்டியில் அவர் வென்றார். வதந்தி தெருவோடு நிற்பதும் இல்லை. 1979 மார்ச் 22இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் இறந்துவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவைக்கே தெரிவித்து, அவை இரங்கல் தெரிவித்து ஒத்திவைக்கப்பட்டது. அவர் மறைந்தது அக்டோபர் 8இல். 2016 செப்டம்பர் 22இல் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பின் வதந்தி பரப்பியதாகக் காவல்துறை வழக்குகள் பதிந்து சிலரைக் கைதுசெய்தது. டிசம்பர் 5 மாலை சில தொலைக்காட்சிகள் அவர் மறைவை அறிவித்தன. கட்சி அலுவலகத்தில் தாழ்ந்த கொடி மீண்டும் ஏறியது. நள்ளிரவுக்குப் பிறகே மருத்துவமனை மறைவை உறுதிசெய்தது. ஒரு தலைவரின் உயிரில் கட்சியின், ஆட்சியின், வேலைவாய்ப்பின் கதி அடங்கியிருக்கும்போது அதை ஊகிப்பது யாருக்கும் விளையாட்டாக இருக்க முடியாது. இறப்பவரால் தன் வாழ்வு எவ்விதத்திலும் மாறாது என்ற தொலைவு இருந்தால்தான் மதிப்பெண் போட மனம் வரும். தமிழகத்தில் அந்த விளையாட்டு வேர்விடாததற்கு இதுவே முதன்மைக் காரணம் எனக் கொள்ளலாம்.

விளையாட்டின் இன்னொரு விதியும் கவனிக்கத்தக்கது. இறப்பவர், செய்தித்தாள் பெயர் சொல்லி இரங்கல் எழுதும் அளவுக்கு அறியப்பட்டவராக இருக்க வேண்டும். 2012 செப்டம்பர் 5இல் சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து நாற்பதை ஒட்டிய உயிர்கள் போயின. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கு மேல். மருந்து கலக்கும் அறையின் ஆபத்து எவரும் கணிக்கக்கூடியதே. ஆனால் அங்கு இறந்தவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே செய்தியானார்கள். ஊகத்துக்கு உரிய மரணம் எது என்பதைப் புகழ் தீர்மானிக்கிறதே ஒழிய, நேர்வதற்கான வாய்ப்பு அல்ல.

பெயர் சொல்லிக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை அண்மைச் சான்று. அதிபர் மைத்திரிபால சிறிசேன 2017 ஜனவரி 26இல் இறப்பார் என்று ஒரு சோதிடர் அறிவித்தார்; நாள் கடந்ததும் கைதானார். 1987இல் கொழும்பு அணிவகுப்பில் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கிய கடற்படை வீரர்தான் அவர். தமிழகத்தில் பணம் கட்டி இத்தகைய ஊகப் போட்டி நடத்தினால், 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும், இணையம் வழியாக நடத்தினால் 2022ஆம் ஆண்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமும் குறுக்கே வரும். ரம்மி, போக்கர் ஆகியவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும், வாய்ப்பை மட்டுமே நம்பிய ஆட்டங்கள் மீதான தடை செல்லும் என்றது. பணமில்லாமல் பட்டியல் போடுவதைத் தடுக்கும் சட்டப்பிரிவு எதுவும் அவற்றில் இல்லை.