அந்த ரத்தம் என்னாச்சு?

ஆனைகட்டிப் பக்கம் ஓர் இருளர் பதியில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமுக்கு உதவப் போயிருந்தோம். வரிசையில் வந்த பாட்டி ஒருவர் கையை நீட்டுவதற்கு முன் கேட்டார்: "ஏங்கண்ணு, போன தடவையும் எடுத்துட்டுப் போனாங்களே, அந்த ரத்தம் என்னாச்சு?" போன தடவை வந்தது நாங்கள் இல்லை. ஆனாலும் பதில் சொல்ல முடியாமல் நின்றோம். அவர் கேட்டது ஒரு முகாமைப் பற்றி மட்டும் இல்லை.

நம் மக்களை அளக்கிற வேலை மூக்கிலிருந்து தொடங்கியது. ரிஸ்லியும், சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டனும் மூக்கின் அகலத்தை அளந்து சாதியையும் இனத்தையும் அடுக்கினார்கள். 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதோர்' நூலில் அம்பேத்கர் அந்த அளவுகளையே எடுத்துக்கொண்டு, இவை நம்பத்தக்கவை என்றால் பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் ஒரே இனம்தான் என்று காட்டினார். அவர்களுடைய அளவுகோலாலேயே அவர்களை மடக்கிய வாதம் அது.

மூக்குக்குப் பிறகு ரத்தம் வந்தது. முதல் உலகப் போரின்போது சலோனிகா போர்முனையில் லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்டும் ஹன்னா ஹிர்ஷ்ஃபெல்டும் இந்தியச் சிப்பாய்கள் உட்படப் பல நாட்டவரின் ரத்தப் பிரிவைச் சோதித்து, 1919இல் ரத்தத்தைக் கொண்டே 'இனக் குறியீடு' ஒன்றை முன்வைத்தார்கள். ஏ பிரிவும் பி பிரிவும் எல்லா மக்களிடமும் இருந்தன. விகிதம்தான் மாறியது. அப்படியிருந்தும் இனம் என்ற சொல்லை விட மனம் வரவில்லை.

நம் மலைகளின் கதை 1952இல் வருகிறது. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் செல் பண்பு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். லேமன், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து போன யூதர். அவரும்கூட இந்தப் பண்பை ஒரு பழைய 'இனத்தின்' அடையாளமாகத்தான் முதலில் படித்தார். ஆப்பிரிக்காவோடு முடிச்சுப் போடும் ஆர்வம் அன்று அவ்வளவு இருந்தது.

1954இல் ஆந்தனி அல்லிசன் வேறொரு விளக்கம் தந்தார். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். கொடிய மலேரியாவிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் கிடைக்கும். ஆகவே மலேரியா இருந்த இடங்களில் இந்தப் பண்பு நிலைத்தது. காரணம் கொசுவும் காய்ச்சலும், இனம் அல்ல. விதர்பாவில், அம்பேத்கர் பிறந்த மகர் மக்களிடமும் இது இருப்பது 1950களிலேயே பதிவானது. 'இது மலைவாசிகள் நோய், நமக்கென்ன' என்று நம் தோழர்கள் சிலர் சொல்வதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

இரண்டு பக்கமிருந்தும் மரபணு வந்தால்தான் நோய். பெற்றோர் இருவரிடமும் பண்பு இருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. சிவப்பணு அரிவாள்போல வளைந்து சிறு நாளங்களை அடைக்கும். எலும்பு எலும்பாக வலிக்கும். ஹீமோகுளோபின் குறைவதால் இதயம் ஓய்வில்கூடக் கூடுதலாக ரத்தம் தள்ள வேண்டும், நாளடைவில் வீங்கும். சிறு வயதிலேயே பக்கவாதம் வரலாம். ரத்த அழுத்தமோ பலருக்குச் சராசரியைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் மற்றவருக்கு இயல்பு எனப்படும் அளவும் இவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கலாம். பொது அட்டவணையை மட்டும் பார்த்து 'பிரஷர் நார்மல், போகலாம்' என்று அனுப்பிவிட்டால் ஆபத்து தப்பிவிடும்.

கொங்கு மண்ணில் 'சுத்த ரத்தம்' பேசும் மேடைகளை நாம் அறிவோம். உடுமலைப்பேட்டையில் 2016இல் சங்கரை வெட்டிக் கொன்ற வெறி அந்தப் பேச்சில் வளர்ந்ததுதான். சாதியின் உயிர் அகமணம் என்று 1916இலேயே அம்பேத்கர் சொன்னார். மறைந்திருக்கும் மரபணுக்கள் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வழிசெய்வதும் அதே அகமணம்தான். சுத்தம் என்று எதைக் காக்கிறார்கள்? பழங்குடிகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர்களின் சிறு எண்ணிக்கைக்கும் தனித்த வாழ்வுக்கும் பின்னால் இருப்பது சாதித் திமிர் அல்ல.

பரிசோதனை எந்தப் பக்கமும் போகும் என்பதை அமெரிக்கா காட்டியது. நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், இந்தப் பண்பு உள்ளவர்களுக்கு நெற்றியில் பச்சை குத்தலாம் என்று 1968இல் எழுதினார். 1971இல் கருஞ்சிறுத்தைகள் கட்சி தன் மக்களுக்குத் தானே இலவசப் பரிசோதனை நடத்தி, அரசின் அலட்சியத்தை அம்பலப்படுத்தியது. 1972இல் தேசியச் சட்டம் வந்தது. அதே காலத்தில் சில மாநிலங்கள் கறுப்பின மக்களுக்குக் கட்டாயப் பரிசோதனை கொண்டுவந்தன. நோயே இல்லாமல் பண்பு மட்டும் உள்ளவர்களும் வேலையையும் காப்பீட்டையும் இழந்தார்கள்.

இங்கே லேமன் எழுதி எழுபது ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலை 1 அன்று, ஒன்றிய அரசு அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை, 2047 இலக்கு, கையில் ஓர் அட்டை. இடைப்பட்ட காலத்தில் கூடலூரில் 'அஷ்வினி' போன்ற அமைப்புகள்தான் ஆதிவாசிகளோடு இருந்து சிகிச்சையைக் கட்டி எழுப்பின. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோய் சேர்க்கப்பட்டிருக்கிறது. பல பதிகளில் நாங்கள் சொல்லித்தான் அது தெரியவந்தது. அட்டையை ஜாதகம்போலப் பொருத்திப் பார்க்கச் சொல்லும் பேச்சு எங்களுக்கு உறுத்துகிறது. ஒரு பெண்ணை 'வேண்டாம்' என்று தள்ள அந்த அட்டையே போதுமே!

முகாமுக்குத் தன்னார்வலராகப் போகும் மாணவர்கள் முதலில் இவற்றைக் கேளுங்கள்: முடிவு எந்தத் தேதியில் வரும்? அதை யார், தனியாக உட்கார்ந்து, அவர்கள் பேசும் மொழியில் விளக்குவார்? ஹைட்ராக்சியூரியா மாத்திரை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும்? மீதி ரத்தம் எங்கே போகும்? நாங்கள் மூன்று வாரம் கழித்து முடிவுத் தாள்களோடு அந்தப் பதிக்குத் திரும்பப் போனோம். பாட்டி தன் தாளை வாங்கி, மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, போன தடவை எடுத்ததற்கும் தாள் வாங்கித் தர முடியுமா என்று கேட்டார்.