குளத்துக்கரையில் ஒரு சைக்கிள் பாதை

போன மாசம் கோயமுத்தூர்ல மக வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் பேரன் உக்கடம் பெரியகுளத்துக்குக் கூட்டிட்டுப் போனான். கரையில கல்லுப் பாவிய நடைபாதை, சைக்கிளுக்குத் தனிப் பாதை. அவன் சைக்கிள்ல முன்னாடி போக, நான் பின்னாடி நடந்தேன்.

"அப்பிச்சி, தண்ணிக்குப் பக்கத்துல எதுக்கு ரோட்டை இவ்வளவு உசரமாப் போட்டிருக்காங்க?"னு கேட்டான்.

அது ரோடு இல்லடா, கரைன்னேன். கரை இருக்கறதாலதான் குளமே இருக்குது.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில பொறந்து கரூர் மாவட்டத்துல காவிரியில சேருது. மழை பெஞ்சா வெள்ளம், இல்லைன்னா மணல். அந்த வெள்ளத்தைப் பிடிக்கத்தான் சித்திரைச்சாவடியில இருந்து வரிசையா அணைக்கட்டு, வாய்க்கால், குளம் எல்லாம். ஒரு குளம் நிறைஞ்சா மிச்சம் அடுத்ததுக்குப் போகும். கொங்குச் சோழர் காலத்து ஏற்பாடுன்னு சொல்லுவாங்க. பெரியகுளம் மட்டும் 300 ஏக்கருக்கு மேல.

அந்தக் காலத்துல குளத்துக்கரையில காத்து வாங்க நடக்கலைங்க. மழை ராத்திரியில லாந்தரைத் தூக்கிட்டு, நண்டு வளை, எலி வளை வழியா தண்ணி கசியுதான்னு பாத்துட்டு நடப்பாங்க. விரல் அளவு ஓட்டை போதும், விடியறதுக்குள்ள கரை போயிரும். தூர் வார, கரைக்கு மண் போட வீட்டுக்கு ஒரு ஆள் வரணும். அதுதான் குடிமராமத்து. பழக்கத்துல இருந்த இந்த வேலையை வெள்ளைக்காரன் 1858-ல சட்டமாவே எழுதி வெச்சான். வராதவன் கூலியைப் போல ரெண்டு மடங்கு கட்டணும்.

வயல் மனையானதும் மதகைத் திறக்கச் சொல்லிக் கேக்க ஆளில்லை. கேக்க ஆளில்லாத குளத்துக்குச் சாக்கடை வந்துச்சு, ஆகாயத்தாமரை வந்துச்சு. 2013-ல ஊர் மக்களே இறங்கித் தூர் வாரினாங்க. 2016-ல ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியல்ல கோவை பேர் வந்த பிறகுதான் இந்தப் பாதையெல்லாம்.

கரைக்குக் கல்லு வெச்சதை நான் குறை சொல்லமாட்டேன். அலை அரிக்காம இருக்க உள்பக்கம் கல்லுப் பாவறது பழைய வழக்கம்தான். இன்னைக்கு அத்தனை பேர் நடக்கறதாலயே குளத்துல யாரும் பயமில்லாம குப்பை கொட்ட முடியாதுன்னும் தோணுது. ஆனா நடக்கறவங்க கண்ணு தண்ணி மேலதான் இருக்குது. தண்ணி வர்ற வாய்க்கால் பக்கம் போகலை. எங்க ஊரு நொய்யல்ல கீழ இருக்குதுங்க. மேல குளத்துல நிக்காத தண்ணி, சாக்கடையையும் கூட்டிட்டு எங்களுக்குத்தான் வருது.

மதகு எங்கிருக்குன்னு பேரனோட தேடிட்டே நடந்தேன். அதுக்குள்ள இருட்டிருச்சு, லைட்டும் போட்டுட்டாங்க. அடுத்த தடவை சித்திரைச்சாவடி அணைக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்.

"அங்கயும் சைக்கிள் பாதை இருக்குதா, அப்பிச்சி?"ன்னான்.