பாலைக் கடற்கரையில் ஒரு சிறு குடும்பத்தின் வீடு



பொருள் தேடித் துபாய் சென்ற நம் சகோதரர்கள் ஊர் திரும்பினால், அங்குள்ள வானளாவிய கட்டடங்களைப் பற்றியே பேசுகின்றனர். மின்சாரம் வருவதற்கு முன் அக்கரையில் மக்கள் எங்கே குடியிருந்தனர் என்று கேட்டால், "கூடாரத்தில்" என்று ஒரே சொல்லில் முடித்து விடுகின்றனர். கூடாரம் பாலையில் அலைந்த பதூவிகளுக்குரியது. முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் கடலோரத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு வீடு இருந்தது. நன்கு சிந்தித்துக் கட்டப்பட்ட வீடு.

எளியோரின் வீட்டுக்கு 'அரீஷ்' என்று பெயர். பேரீச்ச மட்டைகளை நெருக்கி நிறுத்தி, அம்மரத்தின் நாரினாலேயே கயிறு திரித்துக் கட்டுவர். மட்டைகளின் இடுக்குகள் வழியே கடற்காற்று உள்ளே புகும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கோ உள்ளிருக்கும் பெண்கள் எளிதில் தென்படார். சுவரே சாளரமாகவும் திரையாகவும் அமைந்த இவ்வமைப்பை நாம் வியக்கிறோம். மதீனாவில் முதலில் எழுந்த நபிகளாரின் பள்ளிவாசலுக்கும் பேரீச்சந்தண்டே தூண், அதன் மட்டையே கூரை என்பதை நாம் அறிவோம். ஆயின் இவ்வீட்டுக்கு ஒரு பகை உண்டு, அது நெருப்பு. 1894ஆம் ஆண்டில் மூண்ட தீயில் தேராப் பகுதியின் பெரும்பாலான வீடுகள் எரிந்தழிந்தன.

வசதி படைத்தோர் கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லால் கட்டினர். நுண்துளைகள் நிறைந்த அக்கல் எடை குறைந்தது. வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. கூரைக்கு மரம்? பாலையில் ஏது மரம்! கிழக்கு ஆப்பிரிக்கக் கழிமுகங்களில் வெட்டிய கண்டல் மரக் கழிகள் பாய்க்கப்பல்களில் வந்து இறங்கின. கழியின் நீளம் எவ்வளவோ, அறையின் அகலமும் அவ்வளவே. ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு அடி. வளைகுடாவின் பழைய அறைகள் ஒடுங்கி நீண்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

ஈரானியக் கரையில் சுங்க வரி உயர்ந்தபோது, பஸ்தக் பகுதி வணிகர்கள் துபாய்க்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் கொணர்ந்ததே 'பர்ஜீல்' எனும் காற்றுக் கோபுரம். நான்கு புறமும் திறந்த அக்கோபுரத்தின் நடுவே குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புச் சுவர்கள். எத்திசையில் காற்று வீசினும் ஒரு பக்கம் அதைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும். எதிர்ப்பக்கம் வெப்பக் காற்றை வெளியே இழுக்கும். எளியவரும் இதை விட்டாரல்லர். சாக்குத் துணியைக் கட்டித் தம் மட்டை வீட்டின் மேலும் கோபுரம் எழுப்பினர். விருந்தினர் அறை வாசலை ஒட்டியே இருந்தது. அந்நியர் முற்றத்தைக் கடக்க வேண்டியதில்லை.

குளிர்சாதனம் வந்தபின் இவ்வீடுகளை மதிப்பார் இல்லை. 1980களில் பஸ்தக்கியாவின் பாதியளவு இடிக்கப்பட்டது. அங்கு வசித்த ரெய்னர் ஒட்டர் என்னும் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் எஞ்சியதைக் காக்க முயன்றார். 1989இல் இளவரசர் சார்லஸ் நேரில் வந்து பார்த்ததும் துணை நின்றது. இடிப்பு நின்றது. தன் பாட்டன் வீட்டின் அருமையை அயலான் வந்து சொல்ல வேண்டியிருந்தது என்பது நமக்கும் உறைக்க வேண்டிய செய்தி.

இன்று அப்பகுதி அல் ஃபஹீதி எனப்படுகிறது. புதிய விடுதிகளின் மேல் காணப்படும் கோபுரங்கள் பல வெறும் அலங்காரமே. அங்கிருக்கும் நம் சகோதரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்ராப் படகில் கடற்கழியைக் கடந்து சென்று, பழைய கோபுரம் ஒன்றின் அடியில் சற்று நேரம் நின்று பார்க்கட்டும்.