நடுங்கிய நிலமும் நம்பிக்கையின் கணக்கும்

1993 செப்டம்பர் 29, அனந்த சதுர்த்தசி. மராட்டிய மாநிலத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் பிள்ளையாரை நீரில் கரைத்து, மேளம் ஓய்ந்து, மக்கள் வீடு திரும்பிப் படுக்க வெகுநேரம் ஆகிவிட்டது. 30ஆம் தேதி அதிகாலை 3.56 மணிக்குக் கில்லாரி என்ற ஊரை ஒட்டி நிலம் குலுங்கியது. அளவு 6.2. உலகக் கணக்கில் நடுத்தரமான அதிர்ச்சிதான். ஆனால் விடியும்போது 52 கிராமங்கள் கற்குவியல்களாகக் கிடந்தன. இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அடுத்து மழையும் பிடித்துக்கொண்டது. சிதைக்கு அடுக்க உலர்ந்த விறகு கிடைக்காத ஊர்களில் உறவினர்கள் பிணங்களோடு காத்திருந்தார்கள்.

அந்தப் பகுதியின் பழைய வீடுகள் பருமனான கற்சுவர்களால் ஆனவை. வடிவமற்ற கற்களை மண் சாந்தில் அடுக்கி, மேலே மர உத்தரம் போட்டு, வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஆண்டுக்கு ஆண்டு மண்ணைக் கொட்டிய கூரைகள். சுவர் விரிந்ததும் அத்தனை பாரமும் உறங்கியவர்கள் மேல் இறங்கியது. ஊரின் ஓரத்தில் ஓலைக் குடிசையில் கிடந்த ஏழைகளில் பலர் தப்பினார்கள். தலைமுறைகளாகச் சேர்த்த செல்வத்தைக் கல்லாகக் கட்டிக்கொண்டவர்கள் அதிகமாக மாண்டார்கள். யார் புண்ணியம் செய்தவர், யார் பாவம் செய்தவர் என்று கணக்குப் பார்க்க வந்தவர்களுக்கு இந்த ஒன்று மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

அசையாத பாறை

பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில் உள்ள நம் அத்திபெலேயிலிருந்து கில்லாரி நேர்க்கோட்டில் 600 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. நிலத்தடியில் பார்த்தால் இரண்டு ஊர்களும் இன்னும் நெருக்கம். பெங்களூர் லால்பாக் பூங்காவில் ஏறி நிற்கிறோமே, தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். ஆனேக்கல், அத்திபெலே, ஓசூர் வட்டாரக் கல்குவாரிகளில் உடைபடுவதும் அந்தப் பழம்பாறைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கில்லாரியில் நிலநடுக்கத்துக்குப் பின் ஆராய்ச்சிக்காகத் துளையிட்டபோது, 300 மீட்டருக்குச் சற்று அதிகமான எரிமலைப் பாறையைத் தாண்டியதும் தட்டுப்பட்டது இதே வகைப் பழம்பாறை. தென்னிந்தியாவின் அடித்தளம் உறுதியானது, இங்கே பெரிதாக ஒன்றும் வராது என்ற எண்ணம் அந்த ஊரிலும் இருந்தது. அரசாங்கத்தின் நிலநடுக்க வரைபடமும் அதையே சொன்னது: 1993இல் கில்லாரி இருந்தது நாட்டிலேயே ஆபத்துக் குறைந்த முதல் மண்டலத்தில். 2002இல் வரைபடத்தைத் திருத்தியபோது முதல் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டு இரண்டாம் மண்டலத்தோடு சேர்த்தார்கள். அந்த வரைபடத்தில் பெங்களூரின் இடம் இரண்டாம் மண்டலம்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 1900 பிப்ரவரி 8 அதிகாலையில் கோயம்புத்தூரை உலுக்கிய நிலநடுக்கம் தெற்கே வெகு தூரம் உணரப்பட்டது. நூறாண்டுக்கு ஒருமுறை வருவதைக் குடும்ப நினைவு தாங்கி வைப்பதில்லை. கொள்ளுப்பாட்டி சொன்ன கதை பேத்தி காலத்தில் மறந்துபோகிறது. வீடு கட்டுகிறவர் நினைவில் இருப்பது போன வருஷத்து மழைதான்.

திருநெல்வேலியில் ஒரு பேச்சு

இடிபாட்டின் முன் நிற்கும் மனிதன் முதலில் கேட்பது ‘ஏன்?’ என்றுதான். அந்தக் கேள்வியை இந்தியாவில் மிகப் பெரிய மனிதர்கள் இருவர் விவாதித்தார்கள். விவாதம் தொடங்கிய இடம் தமிழ்நாடு.

1934 ஜனவரி 15 பிற்பகல் இரண்டேகால் மணி வாக்கில் பீகாரையும் நேபாளத்தையும் 8 அளவிலான நிலநடுக்கம் தாக்கியது. முங்கேர் நகரம் தரைமட்டமானது, முசாபர்பூர் சிதைந்தது. வடக்குப் பீகார் வயல்களில் நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. இரு நாடுகளிலும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தெற்கே சுற்றிக்கொண்டிருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், பீகாரின் துயரத்துக்கும் தீண்டாமைக்கும் தொடர்பு உண்டு, நாம் செய்த பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை இது என்று பேசினார்.

தாகூர் அதிர்ந்துபோனார். தீண்டாமையை எதிர்ப்பதில் காந்திக்குக் குறையாதவர் அவர். ஆனால் இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும் என்று எழுதினார். அவர் வாதத்தில் கூர்மையான இடம் வேறொன்று: இதே தர்க்கத்தைச் சனாதனிகள் கையில் எடுத்து, காந்தி கோயிலைத் திறக்கச் சொன்னதால்தான் பூமி நடுங்கியது என்று சொன்னால் யார் மறுப்பது? காந்தி அந்த மறுப்பைத் தன் ‘ஹரிஜன்’ இதழிலேயே அச்சிட்டு, அதே 1934 பிப்ரவரி 16 இதழில் பதிலும் எழுதினார். தன் எண்ணத்தை நிரூபிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டார், நம்பிக்கையை விடவில்லை.

இந்த வழக்கு இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள் காலையில் லிஸ்பன் நகரத்துத் தேவாலயங்கள் நிரம்பியிருந்தபோது நிலம் குலுங்கியது. பீடங்களில் எரிந்த மெழுகுவத்திகளும் சேர்ந்து நகரத்தைத் தீக்கிரையாக்கின. கடலும் உள்ளே வந்தது. மலக்ரீதா என்ற இயேசு சபைப் பாதிரியார் இது கடவுளின் கோபம், தங்குமிடம் கட்டுவதை விட்டுத் தவம் செய்யுங்கள் என்று சிறு நூல் எழுதினார். அமைச்சர் பொம்பால் அவரை நகரத்தை விட்டே அனுப்பிவிட்டு, மரச்சட்டங்களைச் சுவருக்குள் பின்னிய புதிய வீடுகளைக் கட்டவைத்தார். ஐரோப்பாவின் தத்துவவாதிகள் பல ஆண்டுகள் லிஸ்பனைப் பற்றியே சண்டை போட்டார்கள்.

இரண்டு விவாதங்களிலும் ஒரு பொது அம்சம் உண்டு. பாவத்தைத் தேடியவர் ஒவ்வொருவருக்கும், அவர் ஏற்கெனவே எதிர்த்துக்கொண்டிருந்த பாவமே அகப்பட்டது. பேரழிவிலிருந்து புதிதாக எதையும் யாரும் தெரிந்துகொள்ளவில்லை.

மூன்று அணாக் கணக்கு

விவாதம் பத்திரிகையில் நடந்துகொண்டிருந்தபோது பாட்னாவில் வேறொரு வேலை நடந்தது. கைதியாக இருந்து மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த ராஜேந்திர பிரசாத், நிலநடுக்கத்துக்கு இரண்டு நாள் கழித்து விடுதலையாகி, உடம்பு தேறாத நிலையிலேயே பீகார் மத்திய நிவாரணக் குழுவைத் தொடங்கினார். நாடெங்கிலும் இருந்து பணம் குவிந்தது. பணம் குவிந்ததும் அதைப் பாதுகாக்க ஒருவர் தேவைப்பட்டார். வந்தவர் ஒரு தஞ்சாவூர்க்காரர்: ஜே.சி. குமரப்பா.

1892இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்காய்வு படித்து, பம்பாயில் தொழில் நடத்தி, பின்பு கதருக்கு மாறியவர். பீகாரில் அவர் நிவாரண நிதியின் நிதி ஆலோசகர். தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று வரம்பு வைத்தார். வண்டிச் செலவுக்கும் கெடுபிடி. காந்தி பாட்னாவுக்கு வந்தபோது, அவருடைய பரிவாரத்தின் செலவை நிவாரணப் பணத்தில் எழுத முடியாது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா சொல்லிவிட்டதை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. காந்தி அதை ஏற்றுக்கொண்டார்.

குமரப்பாவுக்கு இது வெறும் கணக்கு வழக்கு அல்ல. ஏசுவின் போதனையைப் பொருளாதாரத்தில் கடைப்பிடிப்பது எப்படி என்று வாழ்நாள் முழுவதும் யோசித்து, பின்னாளில் சிறையிலிருந்தபோது அதைப் பற்றியே புத்தகம் எழுதியவர். பசித்தவன் பெயரில் வந்த காசு பசித்தவனிடமே போய்ச்சேர வேண்டும் என்பது அவருக்கு ஜெபத்தைப் போன்ற கட்டாயம். மார்ச்சில் பீகார் ஊர்களைச் சுற்றிய காந்தியின் பேச்சிலும் வேறொரு அழுத்தம் சேர்ந்தது: உழைக்க முடிந்தவர்கள் இலவசமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், வேலை கேளுங்கள். தூர்ந்த கிணறுகளைத் திறப்பதும் மணல் மூடிய நிலத்தை மீட்பதும்தான் அங்கே அவசரப் பணிகளாக இருந்தன. நிலநடுக்கம் தீண்டாமைக்குத் தண்டனை என்ற கருத்தைக் காந்தி மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கிணற்று மணலை அள்ளியவர்களுக்கு அந்தக் கருத்தில் உடன்பாடு தேவைப்படவில்லை. தாகூர் பக்கம் நின்றவரும் காந்தி பக்கம் நின்றவரும் ஒரே மண்வெட்டியைப் பிடிக்க முடிந்தது.

கடல் வந்த ஞாயிறு

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு, பௌர்ணமி. இந்திய நேரம் காலை 6.29 அளவில் சுமத்ராவுக்கு அருகே 9.1 அளவில் கடலடி நிலம் முறிந்தது. சென்னையில் சிலர் கட்டில் ஆடியதை உணர்ந்தார்கள். அலை தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. எச்சரிக்கை சொல்ல அமைப்பு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேல்.

பெங்களூர்த் தமிழ்க் கத்தோலிக்கருக்கு வேளாங்கண்ணி தூரத்து ஊர் அல்ல. அன்று அங்கே கடற்கரையில் நின்ற பயணிகளைக் கடல் அள்ளிச் சென்றது. பேராலயத்துக்குள் நீர் புகவில்லை. உள்ளே இருந்து தப்பியவர்கள் அதை மாதாவின் அருள் என்றார்கள். கரையில் பிள்ளையை இழந்தவர்களிடம் அந்தச் சொல்லை யாரும் சொல்ல முடியாது. ஆலயம் மேட்டில், கரையிலிருந்து தள்ளி இருக்கிறது என்பது நிலவியல் விளக்கம். இந்த மூன்றும் அந்த ஊரில் இன்றுவரை அருகருகே இருக்கின்றன. மொத்தமாகப் புதைக்கப்பட்டவர்களுக்கு அங்கே நினைவிடமும் இருக்கிறது.

வடக்கே பரங்கிப்பேட்டையில் வேறு விதம். சுற்றுவட்டாரக் குப்பங்களில் வீடிழந்த மீனவர்கள், பெரும்பாலும் இந்துக்கள், ஊருக்குள் ஓடி வந்தார்கள். அங்கிருந்த முஸ்லிம் ஜமாஅத் அவர்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டது. அரசாங்க லாரிக்கு முன்னால் ஜமாஅத்தின் சோறு வந்ததற்குக் காரணம் உண்டு. விசேஷங்களுக்கு ஊர்கூடிச் சமைத்துப் பழகிய கைகள், தேக்சாக்கள், யார் அரிசி தருவார் என்று தெரிந்த பெரியவர்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தார்கள். பள்ளிவாசல், கோயில், சர்ச் எதுவானாலும், அன்னதானமும் அசனமும் கந்தூரியும் நடத்திப் பழகிய இடம் நெருக்கடி வந்த நாளில் தானாக நிவாரண முகாமாகிறது. நூறு பேருக்கு எவ்வளவு உப்பு போட வேண்டும் என்பது அங்கே எழுதி வைக்காத அறிவு.

கில்லாரி கற்றது, கற்பித்தது

சோறு ஒரு வாரக் கதை. பெற்றோரை இழந்த குழந்தைகளின் கதை இருபது ஆண்டு. கில்லாரிப் பகுதியிலிருந்து 1,200 பிள்ளைகளைப் பாரதிய ஜைன சங்கடனா புணேவுக்கு அழைத்துச் சென்று வாகோலியில் தங்கவைத்துப் படிக்கவைத்தது. கேமராக்கள் ஊரை விட்டுப் போன பிறகும் விடுதிக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் ஆண்டுதோறும் தேவைப்பட்டன.

வீடுகளின் கதை சிக்கலானது. உலக வங்கி உதவியோடு மராட்டிய அரசு நடத்திய மறுவாழ்வுத் திட்டத்தில் முற்றிலும் அழிந்த ஊர்கள் புது இடத்தில் எழுந்தன. ஓரளவு சேதமடைந்த வீடுகளை உரிமையாளர்களே பழுதுபார்க்கப் பணம் தரப்பட்டது. கல்லைக் கண்டாலே பயந்தவர்கள் நல்ல சுவர் இருந்தும் தகரக் கொட்டகையில் படுத்தார்கள். அந்தப் பயத்தைப் போக்கியதில் ஊர்ப் பெண்களுக்குப் பெரிய பங்கு. ‘சுவயம் சிக்ஷண் பிரயோக்’ என்ற அமைப்பின் வழியாக, மகளிர் மன்றப் பெண்கள் அரசுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே நின்றார்கள். சுவரின் இரு முகங்களையும் கோக்கும் குறுக்குக் கல் எங்கே வைக்க வேண்டும், சுவரைச் சுற்றிக் கட்டும் பட்டை எப்படி இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டு மேஸ்திரியிடமே கேள்வி கேட்டார்கள். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின் லாத்தூர்ப் பெண்கள் அங்கே போய்த் தாங்கள் கற்றதைச் சொன்னார்கள். சுனாமிக்குப் பின் அந்த அமைப்பு தமிழகக் கரைக்கும் வந்தது.

அதே குஜராத் நிலநடுக்கத்தில் அத்திபெலே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மையம் பூஜ் அருகே. 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். விழுந்தவற்றில் பல, கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தச் சுவரில்லாமல் வெறும் தூண்களில் நிறுத்தியவை. ஓசூர்ச் சாலையின் இருபுறமும் முப்பதுக்கு நாற்பது சைட்டில் கீழே பார்க்கிங், மேலே வாடகைக்கு மூன்று மாடி என்று எழும்பும் வீடுகளுக்கும் அதே உடலமைப்புதான். தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் கணிசமானோர் குடியிருப்பது இத்தகைய வீடுகளில்.

இங்கே வீடு கட்டும் எவரும் கடவுளை மறப்பதில்லை. பூமி பூஜை உண்டு. கிறிஸ்தவர் வீட்டில் அடிக்கல் மந்திரிப்பு, முஸ்லிம் வீட்டில் துஆ. நிலைவாசல் வைக்கும் நாளில் குடும்பமே சைட்டில் கூடுகிறது, மஞ்சள் குங்குமம் வைத்து நவதானியம் முடிகிறார்கள், மேஸ்திரிக்கு வேட்டியும் தட்சணையும் கிடைக்கிறது. அந்த நிலைக்குச் சற்று மேலேதான் லிண்டல் வரும். ஜன்னலுக்கும் கதவுக்கும் மேல் துண்டு துண்டாக முடிந்துவிடாமல் எல்லாச் சுவரையும் சுற்றி ஒரே பெல்ட்டாக ஓடினால் சுவர்கள் தனித்தனியே பிரிந்து விழாது. கில்லாரிச் சுவர்களுக்கு இல்லாமல் போனதும் இப்படியான ஒரு கட்டுதான். தூண் போடும் வீடானால் கம்பியைச் சுற்றும் ரிங்கின் முனை 135 டிகிரி உள்ளே மடிந்திருக்கிறதா, இல்லை அவசரத்தில் 90 டிகிரியோடு நின்றுவிட்டதா என்று வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். மேஸ்திரியைக் கேட்க நல்ல நேரம், எல்லோரும் கூடியிருக்கும் பூஜை நாட்கள்: ரிங்கைப் பற்றிப் பூமி பூஜையன்றே, லிண்டலைப் பற்றி நிலை வைக்கும் நாளில். கான்கிரீட் போட்ட மறுநாள் ரிங்கைப் பார்க்க வழியில்லை.