கண்ணுக்குத் தெரியாத தூள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் வலப்பனைப் பகுதியிலுள்ள தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். லயத்தின் பின்புறம் ஒரு பழைய கோப்பிச் செடி நின்றது. முதியவர் ஒருவர் அதன் இலையைத் திருப்பிக் காட்டினார். அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் தூள் படிந்திருந்தது. "இந்தத் தூளுதாங்க ஐயா, எங்க பாட்டன் பூட்டன் காலத்துக் கோப்பிக் காட்டையெல்லாம் தின்னுச்சாம்" என்றார் அவர்.

அவர் சொன்னது வரலாறு. 1869இல் இந்நோய் இலங்கைத் தோட்டங்களில் அவதானிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவெய்ற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பங்கசு ஆய்வாளர் பெர்க்லி, அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். இரண்டாவது சொல்லுக்கு 'பாழாக்குபவள்' என்பது பொருள். எனினும் துரைமாரிற் பலர் இதனை நம்பவில்லை. மண் வளம் குன்றியது, மழை பிழைத்தது என்றே காரணம் கூறினர். கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஒரு மலையையே அழிக்கும் என்பதை ஏற்க அவர்களால் இயலவில்லை.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கு வந்தார். பசைத் திரவம் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வந்த வித்திகளைப் பிடித்தார். தனியொரு வித்தி ஒரு மில்லிமீற்றரின் நூறில் மூன்று பங்களவே இருக்கும். நீர்த்துளியில் முளைவிட்டு, இலைத்துளை வழியாக அது உட்புகுவதை நுணுக்குக்காட்டியில் அவர் கண்டார். இடைவெளியின்றி மலைமுழுதும் ஒரே பயிரை நட்டதே வித்திகளுக்கு வழி திறந்தது என்பதையும் எடுத்துரைத்தார். ஆயினும் காலம் கடந்திருந்தது. 1878 அளவில் ஏறத்தாழ 2 இலட்சத்து 75 ஆயிரம் ஏக்கரில் இருந்த கோப்பி, அந்நூற்றாண்டு முடியுமுன் பெரும்பாலும் அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. காண்பது வேறு, காப்பது வேறு என்பதை விஞ்ஞானமும் அன்று கற்றுக்கொண்டது.

காணப்படாதவற்றை விஞ்ஞானத்தால் அறிய முடியுமா என்று கேட்போருக்கு நான் இக்கதையைச் சொல்வதுண்டு. சிறுமையினால் தெரியாதது ஒருவகை. அதற்குக் கண்ணாடி போதும். பார்க்க விரும்பாமையினால் தெரியாதது மற்றொரு வகை. அதற்கு எந்த நுணுக்குக்காட்டியும் உதவாது.

அந்தக் கோப்பிக்காட்டை வெட்டித் திருத்திய தமிழர், மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தோர். வழியில் கொள்ளைநோயில் மாண்டோர் பலர். கோப்பி வீழ்ந்தபோது வேலையிழந்து இந்தியா திரும்பியோர் போக, எஞ்சியோர் தேயிலைக்கு மாறினர். அவர்களது சந்ததியினரிற் பெரும்பாலானோரை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. அக்குறை சட்டத்தில் பெருமளவு தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாள்தோறும் கண்முன்னே கொழுந்து பறித்தவர்கள், அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

விடைபெறுமுன் அம்முதியவரிடம், கோப்பிக் காலத்தில் வந்த அவரது பூட்டனாரின் பெயரைக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "தெரியலீங்க ஐயா" என்றார். விரலில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தேன். அதற்குப் பெயர் இருந்தது.