கூப்பிடுங்க... ஆனா யாரை?



ஃபங்ஷன் என்றதும் நம் ரீயூனியன் விழாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நினைத்து விடாதீர்கள். இது கம்ப்யூட்டர் லேபில் நாம் மாரடித்த ஃபங்ஷன்!

சி மொழியில் 'க்யூசார்ட்' போட்டது ஞாபகம் இருக்கிறதா? இரண்டு எண்ணில் எது பெரிசு என்று பார்க்கும் ஃபங்ஷனை நாம் எழுதி, அதன் முகவரியைக் கொடுத்து விடுவோம். வேண்டும்போதெல்லாம் க்யூசார்ட் அதைக் கூப்பிட்டுக் கொள்ளும். இதுதான் கால்பேக்.

தலைவலி ஆரம்பித்தது ஆப்ஜெக்ட் வந்த பிறகு. 1979-இல் ஸ்ட்ராஸ்ட்ரூப் தொடங்கிய வேலை சி பிளஸ் பிளஸ் ஆக வளர்ந்தது. அதில் கிளாஸுக்குள் இருக்கும் சாதாரண ஃபங்ஷனுக்கு, எந்த ஆப்ஜெக்டுக்காக ஓடுகிறோம் என்றும் தெரிய வேண்டும். வெறும் ஃபங்ஷன் முகவரி போதாது. ஹாஸ்டல் போன் நம்பர் கையில் இருக்கிறது, எந்த ரூம் பையனைக் கூப்பிடணும்னு தெரியாது என்ற கதைதான்!

1995-இல் போர்லாண்ட் வெளியிட்ட டெல்ஃபி இதற்கு நேரான வழி வைத்திருந்தது. ஃபங்ஷன் முகவரி, ஆப்ஜெக்ட் முகவரி இரண்டையும் ஜோடியாகவே கொடுத்தது. அதன் தலைமைச் சிற்பி ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் 1996-இல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். அங்கே அவர்களுடைய ஜாவாவில் இதே யோசனை 'டெலிகேட்' என்று வந்தது. ஜாவாவைப் பெற்ற சன் நிறுவனமோ, "இதெல்லாம் தேவையில்லை, 1997-இல் நாங்கள் சேர்த்த இன்னர் கிளாஸே போதும்" என்று மறுத்தது. 2002-இல் டெலிகேட் சி ஷார்ப் மொழியோடு நிலைத்தது. ஜாவாவில் ஒரு வரியில் கால்பேக் எழுத லாம்டா வந்தது 2014-இல்தான். அதற்குள் சன் நிறுவனமே ஆரக்கிள் கைக்குப் போய்விட்டது.

எல்லாம் சரி, ஜோடி கொடுத்தால் போதுமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய சி பிளஸ் பிளஸ் புரோகிராம் திடீர் திடீரென்று படுத்துவிடும். இரண்டு ராத்திரி தூக்கம் போச்சு. கடைசியில் பார்த்தால், ஜன்னலை மூடியதும் ஆப்ஜெக்ட் அழிந்துவிட்டது. கால்பேக் மட்டும் பட்டியலிலேயே இருக்கிறது. ஆள் காலி பண்ணிப் போன ரூமுக்குக் கூப்பிட்டுக் கொண்டிருந்தது! என் சீனியர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "போறப்ப சொல்லிட்டுப் போகணும் தம்பி."

இந்த ரீயூனியனுக்காக என் பழைய ரூம்மேட்டைக் கூப்பிட்டேன். நம்பர் உபயோகத்தில் இல்லை என்று குரல் வந்தது. அந்த சீனியர் ஞாபகம்தான் வந்தது.

நண்பர்களே, வீடு மாறினால், நம்பர் மாறினால் நம் சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நாங்கள் கூப்பிடத் தயாராகத்தான் இருக்கிறோம்!