கணுக்கால் காயமும் வயதும்: எந்தத் திசு முதலில் முறிகிறது?

கணுக்கால் பிசகி வருபவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இணைப்புநார்ச் சுளுக்குதான். அதற்காக எல்லா வயதினரையும் ஒரே கண்ணோடு பார்ப்பது பிழை. விசை ஒன்றே ஆனாலும், அந்தப் பருவத்தில் மூட்டின் எந்தத் திசு வலுக் குறைந்ததோ அதுவே முதலில் முறிகிறது. ஆகவே மருத்துவர் கணக்கில் கொள்ள வேண்டியது திசுக்களின் நிலையை; பிறந்த ஆண்டு அதற்கு ஒரு குறிப்பு மட்டுமே.

வளரும் பருவத்தில் இணைப்புநாரைவிட, எலும்பு வளரும் இடமான வளர்தட்டு நலிவானது. கெண்டைக்கால் உள்ளெலும்பான டிபியாவின் கீழ்முனை வளர்தட்டு ஒரே நேரத்தில் மூடுவதில்லை. முதலில் நடுப்பகுதி, பிறகு உட்புறம், கடைசியாக வெளிப்புறம் என ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் மூடுகிறது. இந்த இடைவெளியில், பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள், பாதம் வெளிப்புறமாகத் திருகினால் இணைப்புநார் அறுவதில்லை; இன்னும் மூடாத முன்-வெளி மூலையைப் பெயர்த்துக்கொண்டு வருகிறது. இதுவே டிலோ முறிவு. வளர்ச்சி முடியும் தறுவாய் என்பதால் கால் குட்டையாகும் அச்சம் குறைவு. ஆனால் முறிவு மூட்டுப் பரப்புவரை செல்வதால், 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகிய துண்டைச் சரியாகப் பொருத்தியாக வேண்டும்.

வளர்ந்தவரிடம் வளர்தட்டு இல்லை. இணைப்புநார் கிழிவதோடு, மூட்டின் கீழ்ப்புறமுள்ள தாலஸ் எலும்பின் மேற்பரப்பும் அடிபடலாம். அங்குள்ள குருத்தெலும்பு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் தடிமனே. அதில் இரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவே தானாக ஆறும் திறன் மிகக் குறைவு, வலியும் அடியிலுள்ள எலும்பிலிருந்தே வருகிறது. 1959-இல் பெர்ன்ட், ஹார்ட்டி இருவரும் இக்காயத்தை நான்கு நிலைகளாக வகுத்தனர். வெளிப்புறக் காயங்கள் பெரும்பாலும் மேலோட்டமானவை. உட்புறக் காயங்கள் கிண்ணம்போல் ஆழமானவை. இரு வகையும் எக்ஸ்ரேயில் தப்பிவிடக்கூடும், எம்ஆர்ஐ காட்டிக்கொடுக்கும்.

சிகிச்சையிலும் திசுநிலையே வழிகாட்டி. வளர்தட்டு மூடாத சிறுவரிடம் துண்டு பெயராமல் இருந்தால் முதலில் ஓய்வும் மாவுக்கட்டும் போதும். பெரியவர்களின் தாலஸ் காயத்துக்கு எலும்பில் நுண்துளையிடும் சிகிச்சை செய்தால், காயத்தின் விட்டம் 15 மில்லிமீட்டரைத் தாண்டும்போது பலன் குறைகிறது. அதே சிகிச்சையில் வயது மட்டுமே தோல்விக்குத் தனிக்காரணம் ஆவதில்லை என்று 2012-இல் வெளியான கொரிய ஆய்வு கண்டது. ஐம்பதைத் தாண்டியவர் என்பதற்காக மட்டும் ஒருவருக்குச் சிகிச்சையை மறுக்க அடிப்படை இல்லை.

முதுமையில் எலும்பே நலிகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குச் சிறு தடுமாற்றத்திலும் கணுக்கால் முறியலாம். தோல் மெலிவும் நீரிழிவும் அறுவைப் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். 60 வயதைக் கடந்த 620 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், பொருத்தமாக வார்த்த மாவுக்கட்டும் அறுவைச் சிகிச்சையும் ஆறு மாத முடிவில் நிகரான இயக்கத்தையே தந்தன. எனினும் கட்டுப் போட்டவர்களிடம் எலும்பு கோணலாகக் கூடுவது அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது.

முழங்காலைப் போலன்றி, கணுக்கால் மூட்டுத் தேய்வு பெரும்பாலும் பழைய காயத்தின் விளைவே. இளமையில் தவறவிட்ட முறிவு நடுவயதில் நடையை முடக்கலாம். ஆகவே வளரிளம் பருவத்தினரின் கணுக்காலின் முன்-வெளி மூலையில் அழுத்தும்போது வலித்தால் சி.டி. ஸ்கேன் பற்றி யோசியுங்கள். பெரியவர்களின் ‘சுளுக்கு’ ஆறு வாரங்களுக்குப் பிறகும் வலித்தால் எம்ஆர்ஐ எடுங்கள். முதியவர் கணுக்காலை முறித்துக்கொண்டு வந்தால் எலும்பு அடர்த்தியையும் சோதியுங்கள்.